பெட்பேன் போராட்டம்

மடியில் வைத்திருப்பது எக்ஸ்ரே கவர்தானே தம்பி? அப்படி மடக்காதீர்கள், மடங்கினால் டாக்டர் உங்களைத்தான் திட்டுவார். யாருக்கு? மகளுக்கா? காலா? எந்த இடம்? தொடையா! அப்படியென்றால் நான் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது நல்லதாகப் போயிற்று. கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள். இந்தப் பஸ்ஸில் இருக்கையைப் போட்டவன் பட்டினி கிடப்பவனை அளந்து போட்டிருக்கிறான்.

எலும்பைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். எலும்பு ஒட்டிவிடும். எலும்பு டாக்டர்கள் தச்சர்கள் மாதிரி, தகடு வைப்பார்கள், திருகாணி முறுக்குவார்கள், வேலை முடிந்தது. ஆபத்து அங்கே இல்லை. ஆபத்து ஒன்றுக்குப் போவதில் இருக்கிறது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆபரேஷன் முடிந்த மதியம் சிரிப்பு வராது.

என்னைத் தெரியவில்லையா? உப்பளத் தொழிலாளர் சங்கம், கொடி சங்கரபாண்டியன். கேள்விப்பட்டதில்லையா? பரவாயில்லை. உங்கள் வயதுக்காரர்களுக்கு யாரையும் தெரியாது. உங்கள் தாத்தாவைக் கேட்டுப் பாருங்கள். இறந்துவிட்டாரா? அவருக்குத் தெரிந்திருக்கும். நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம்தான். மீதியை எல்லாம் துண்டறிக்கையில் படித்தேன். பிறகு துண்டறிக்கையை நானே எழுதத் தொடங்கிவிட்டேன். நான் எழுதிக் கொடுத்ததைப் பேசித் தலைவரானவர்கள் இருக்கிறார்கள். பெயர் வேண்டாம். ஒருவர் இப்போது கல்லூரி நடத்துகிறார். வாசலில் என்னை உள்ளே விடமாட்டார்கள்.

அதை விடுங்கள். நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவும்.

என் மகள் பெயர் புரட்சிமணி. நான் வைத்தது. பள்ளிக்கூடத்தில் சேர்த்த கொஞ்ச நாளில் முன்பாதியை வெட்டிவிட்டு வெறும் மணி ஆகிவிட்டாள். அவளுக்கு ஒரே மகள். அந்தப் பிள்ளைக்காவது நான் பெயர் வைக்கிறேன் என்று 'எழுச்சி' என்று சொன்னேன். லக்‌ஷிதா என்று வைத்துவிட்டார்கள். வாயில் நுழைகிற பெயரா அது? நான் லச்சி என்றுதான் கூப்பிடுவேன். தோழர் லச்சி. சின்னஞ்சிறு வயதிலேயே என் தோளில் உட்கார்ந்து ஊர்வலத்தில் கோஷம் போட்ட பிள்ளை. மணி இதை ஒத்துக்கொள்ள மாட்டாள். அது கோஷம் இல்லை, பலூன் கேட்டு அழுதது என்பாள். தாய்மார்களுக்கு இதெல்லாம் புரியாது.

எங்கள் பக்கம் லாரியில் உப்பு ஏற்றிப் போவார்களே, அது ரோடெல்லாம் சிந்திக் கிடக்கும். பிள்ளை சைக்கிள் பழகிக்கொண்டிருந்தாள். உப்பில் சக்கரம் வழுக்கிக் கீழே விழுந்து, தொடை எலும்பு இரண்டாகிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். காலையில் ஆபரேஷன், மதியத்துக்கு வார்டுக்கு வந்துவிட்டாள். கால் அருமையாக இருக்கிறது என்று டாக்டரம்மாவே சொன்னார். நானும் நம்பினேன். அவ்வளவு படித்தவர்கள் சொன்னால் முதல் தடவை நம்பிவிடுவேன்.

ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைத் தனியாகப் போய்ப் பார்க்கிற வழக்கம் எங்கள் சங்கத்தில் கிடையாது. குழுவாகத்தான் போவோம். தனியாகப் போனால் எந்த நிர்வாகமும் மதிக்காது. தோழர் இசக்கிமுத்து, தோழர் அந்தோணியம்மாள், இன்னும் அன்றைக்கு வேலைக்குப் போகாத தோழர்கள் எல்லாரும் கிளம்பினோம். ஆரஞ்சு, ரொட்டி, கொடி. கொடி எதற்கு என்று வாசலில் காவலாளி கேட்டான். மழைக்காலத்தில் குடை எதற்கு என்று கேட்பாயா என்றேன். விட்டுவிட்டான்.

உள்ளே போனால் லச்சியின் முகம் சரியில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். "கால் வலிக்கா தோழர்?" என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். மணிதான் என் காதருகே வந்து சொன்னாள்.

"பிள்ளை இன்னும் ஒன்னுக்குப் போகலப்பா. அடிவயிறு கல்லு மாதிரி இருக்கு. பெட்பேன் வச்சும் பாத்தாச்சு, வரமாட்டேங்கு. சாயங்காலத்துக்குள்ள போகலன்னா டியூப் போடணும்னு சொல்லிட்டாங்க. அதைக் கேட்டதுல இருந்து நடுங்கிட்டுக் கிடக்கா. நீங்க மெதுவா பேசுங்க."

மெதுவாகப் பேசி நான் எதையும் வாங்கியதில்லை தம்பி. "என்னது, பிள்ளை ஒன்னுக்குப் போகலையா?" என்றேன். வார்டு முழுவதும் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டுமே. எந்தப் பிரச்சினையையும் மக்கள் மத்தியில் வைத்துவிட வேண்டும், அது முதல் வேலை. லச்சி போர்வையைத் தலை வரைக்கும் இழுத்துக்கொண்டாள். வேதனை எவ்வளவு என்று அதைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

எனக்கு இது புதிதில்லை. இளவயதில் ஒருமுறை லாக்கப்பில் கிடந்தோம். அடித்த அடியில் ஒரு தோழருக்கு மூத்திரம் நின்றுவிட்டது. நாங்கள் கம்பியைத் தட்டித் தட்டிக் கத்தியபிறகுதான் டாக்டரைக் கூட்டிவந்தார்கள். அன்றைக்கு நான் ஒன்று தெரிந்துகொண்டேன். மூத்திரம் சும்மா நிற்பதில்லை. அதற்குப் பின்னால் ஒரு நிர்வாகம் இருக்கும்.

டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். வந்தார். சின்ன வயதுதான், ஆனால் பொறுமைசாலி.

"ஐயா, இது சில பிள்ளைகளுக்கு வர்றதுதான். முதுகுல போட்ட ஊசியில இடுப்புக்குக் கீழ மரத்துப்போயிருக்கும். வலிக்குப் போடுற மருந்தும் கொஞ்சம் அடக்கும். மல்லாக்கப் படுத்துக்கிட்டே போய்ப் பழக்கமும் கிடையாது. இப்ப மரமரப்பு விட்டாச்சு, உணர்ச்சி நல்லா இருக்கு. இனிமே போயிடுவா. கூச்சம்தான் தடுக்குதுன்னு நினைக்கிறேன். ஆனா ரொம்ப நேரம் விட முடியாது, மூத்திரப் பை அளவுக்கு மேல விரிஞ்சா அப்புறம் அதுவே தொந்தரவு. நீங்கல்லாம் கொஞ்சம் வெளிய இருந்தா..."

கவனித்தீர்களா தம்பி? எத்தனை காரணம்! ஒரு குற்றத்துக்கு ஒரு காரணம் சொல்கிறவனை நம்பலாம். இப்படி அடுக்கினால் எதையோ மறைக்கிறார்கள் என்று அர்த்தம். கடைசியில் பழியைப் பிள்ளை தலையில் போட்டார் பாருங்கள், கூச்சமாம்! யாருக்குக் கூச்சம்? என் பேத்திக்கா? கோர்ட்டு வாசலில் சட்டையைக் கழற்றிவிட்டு நின்றவன் நான். எங்கள் வம்சத்துக்கே கூச்சம் கிடையாது.

"கோரிக்கை நிறைவேறும்வரை இந்த இடத்தைவிட்டுக் கலைய மாட்டோம்," என்றேன்.

"என்ன கோரிக்கை ஐயா?"

"பிள்ளை ஒன்னுக்குப் போகணும்."

"அதுதான் எங்க கோரிக்கையும்," என்றார். நழுவப் பார்க்கிறார் தம்பி. நிர்வாகம் நம் கோரிக்கையை உடனே ஒத்துக்கொண்டால் இரண்டு மடங்கு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

அந்தோணியம்மாள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அண்ணே, பொம்பளப் பிள்ளை. நாம வராண்டாவுல நிப்போமே."

"தோழர், இது அமைப்பு முடிவு."

"எப்ப முடிவெடுத்தோம்?"

"இப்பத்தான்."

அவள் நல்ல தோழர்தான், ஆனால் சில நேரம் சமரசத்துக்குப் போய்விடுவாள்.

பிறகு ரோஸ்லின் என்று ஒரு சிஸ்டர், பச்சைத் துணி போட்ட மறைப்பை உருட்டிக்கொண்டு வந்தார். கட்டிலைச் சுற்றி நிறுத்தப் போகிறாராம், தாயும் பிள்ளையும் மட்டும் உள்ளே இருக்க வேண்டுமாம். நான் விடுவேனா? மூடிய அறைக்குள் நடந்த எந்தப் பேச்சிலும் எங்களுக்கு நல்லது நடந்ததில்லை. உப்பளக் கூலிப் பேச்சில் அப்படித்தான் எங்கள் தலைவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள், வெளியே வந்தபோது அவர் முதலாளியின் மச்சான் மாதிரி பேசினார். "மறைப்பைப் போட்டுவிட்டு உள்ளே என்ன செய்வீர்கள் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? சங்கத்தின் பார்வையாளர்கள் இருப்பார்கள்," என்றேன்.

சிஸ்டர் ரோஸ்லின் இடுப்பில் கை வைத்தார். "ஐயா, உங்களைச் சுத்தி ஏழெட்டுப் பேரு நின்னா உங்களுக்கு வருமா?"

"ஜெயிலில் முப்பது பேர் நின்றார்கள். வந்தது."

சிஸ்டர் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

நாங்கள் ஒன்றும் பண்பாடு இல்லாதவர்கள் அல்ல. பிள்ளை போர்வைக்குள் இருந்தாள், போர்வைக்குள்ளேயே மணி பெட்பேனை வைத்தாள். நாங்கள் கட்டிலைச் சுற்றி வட்டமாக, கட்டிலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டோம். ஒருவர்கூடத் திரும்பவில்லை. அவ்வளவு கட்டுப்பாடு. அவ்வப்போது நான் மட்டும், திரும்பாமலே, "ஆச்சா தோழர்?" என்று கேட்பேன். வட்டத்தில் எல்லாரும், "ஆச்சா தோழர்?" என்பார்கள். பக்கத்துக் கட்டில்காரர்களும் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். ஒரு குழந்தைக்கு மக்கள் ஆதரவு இவ்வளவு கிடைத்து நான் பார்த்ததில்லை.

மணி ரகசியமாக "ஸ்ஸ்ஸ்... ஸ்ஸ்ஸ்..." என்று சத்தம் கொடுத்துப் பார்த்தாள். கைப்பிள்ளைக்குக் கொடுப்போமே, அதுதான். தனியாள் குரல், யாருக்குக் கேட்கும்? நான் கையை உயர்த்தினேன். தோழர்களுக்குப் புரிந்துவிட்டது. நான் முதலில் "ஸ்ஸ்ஸ்" என்றேன், பின்னால் அத்தனை பேரும் "ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்" என்றார்கள். தோழர் இசக்கிமுத்துவுக்குப் பாம்புக் குரல். அடடா, என்ன ஒரு எழுச்சி! கடைசிக் கட்டிலில் கையில் கட்டுப் போட்டிருந்த ஒரு பெரியவர் தாங்க முடியாமல் கக்கூசுக்கு ஓடினார். இசக்கிமுத்துவும் பின்னாலேயே போனார். பிள்ளைக்கு மட்டும் வரவில்லை. அவ்வளவு பெரிய சத்தத்துக்கே வரவில்லை என்றால், உள்ளே எவ்வளவு பெரிய தவறு நடந்திருக்க வேண்டும், சொல்லுங்கள்!

போர்வைக்குள்ளிருந்து லச்சி அழுகிற குரல் வந்தது. "தாத்தா, வீட்டுக்குப் போங்க தாத்தா."

அந்த நிலைமையிலும் என் உடம்பைப் பற்றிக் கவலை அந்தப் பிள்ளைக்கு. நின்றால் எனக்குக் கால் வீங்கும், அது அவளுக்குத் தெரியும். "தாத்தாவுக்கு ஒன்னும் ஆகாது தோழர். நீ ஆகவேண்டியதைப் பாரு," என்றேன். அழுகை இன்னும் கூடிவிட்டது.

அப்புறம் துண்டறிக்கைக்கு உட்கார்ந்தேன். தலைப்பு எனக்குத் தானாக வரும். 'சிறுமியின் சிறுநீரைச் சிறைவைத்த நிர்வாகமே, பதில் சொல்!' இசக்கிமுத்துவிடம் உரக்க வாசித்துக் காட்டினேன். கண்கலங்கிவிட்டார். ஆயிரம் அடித்து அவள் பள்ளிக்கூட வாசலிலும் கொடுக்கலாம் என்றார். சரியான யோசனை, அவள் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா? உடனே போர்வைக்குள்ளிருந்து ஒரு ஆரஞ்சு பறந்துவந்து இசக்கிமுத்து முதுகில் விழுந்தது. ஜன்னி வேகம் என்று நினைத்துக்கொண்டோம்.

வெயில் சாயத் தொடங்கியபோது சிஸ்டர் ரோஸ்லின் ஒரு தட்டில் டியூப்பைக் கொண்டுவந்து வைத்தார். டாக்டரம்மா பிள்ளையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், முகம் மாறிவிட்டது. "இதுக்கு மேல காத்திருக்க முடியாது ஐயா. கடைசியா ஒரு தடவை முயற்சி பண்ணலாம்னா நீங்க வெளிய போகணும். இல்லன்னா இப்பவே டியூப்தான்." லச்சி அந்தத் தட்டைப் பார்த்தாள் பாருங்கள், அந்தப் பார்வையை நான் ஆயுசுக்கும் மறக்கமாட்டேன். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை அதைவிட மோசம். என்னிடம் எவ்வளவு எதிர்பார்க்கிறாள் பாருங்கள்!

அவ்வளவுதான், கட்டிலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். தோழர்களும் உட்கார்ந்தார்கள். தட்டைத் தூக்கிக்கொண்டு ஒருவரும் கட்டில் பக்கம் வர முடியாது. கொடியைக் கட்டில் கம்பியில் கட்டினோம். கோஷம் மூன்றாவது மாடிவரைக்கும் போயிருக்கும்.

யாரோ போலீசுக்குப் போன் செய்துவிட்டார்கள். யார் என்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை தம்பி. டாக்டரம்மா நான் இல்லை என்றார். சிஸ்டரும் இல்லை என்றார். மணியிடம் கேட்டேன், "தெரியலப்பா," என்று போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

வந்தது சப்-இன்ஸ்பெக்டர் சுடலைமணி. பழைய பழக்கம், மரியாதை தெரிந்த ஆள். "ஐயா, வாங்க. உங்களைக் கைது பண்ணி ரொம்ப நாளாச்சு," என்றார். உண்மையைச் சொல்கிறேன், அதைக் கேட்டு எனக்கு மனசு கொஞ்சம் நெகிழ்ந்துவிட்டது. இப்போதெல்லாம் மறியலுக்கு உட்கார்ந்தால் வண்டிக்காரர்கள் சுற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். வெயிலில் உட்காராதீர்கள் தாத்தா என்று ஒரு கான்ஸ்டபிள் பையன் தண்ணீர் பாட்டில் கொடுத்தான் ஒருநாள். அதைவிட அடித்திருக்கலாம்.

என்னைத் தரையிலிருந்து ஒரு நாற்காலிக்கு மாற்றி, நாற்காலியோடு தூக்கினார்கள். கோஷம் போட்டபடியே போனோம். வார்டில் இருந்த கூட்டம், பக்கத்துக் கட்டில் உறவுக்காரர்கள், ஆயாம்மா, எல்லாரும் வேடிக்கை பார்க்க எங்கள் பின்னாலேயே வாசலுக்கு வந்துவிட்டார்கள். மக்கள் கடல்! அந்தப் பெரிய வார்டில் தாயும் பிள்ளையும் சிஸ்டரும் மட்டும்தான் மிச்சம். அவர்களைத் தனியாக விட்டுவிட்டோமே என்றுதான் எனக்குக் கவலை.

வேன் கதவைக்கூட இன்னும் சாத்தவில்லை தம்பி, போன் வந்துவிட்டது. மணி. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"அப்பா, போயிட்டாப்பா! பெட்பேன் நெறைய!"

"டியூப் போட்டாங்களா?"

"அதெல்லாம் வேண்டியிருக்கல. தானாவே போயிட்டா. இப்ப தூங்குதா."

வேனுக்குள் அறிவித்தேன். இசக்கிமுத்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சுடலைமணியே கை தட்டினார். நான் எத்தனையோ போராட்டம் பார்த்தவன். கூலி உயர்வுக்கு மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறோம், பாதி கிடைத்திருக்கிறது, அதையும் பிறகு பிடுங்கிக்கொண்டார்கள். கைதாகி வேன் கிளம்புவதற்குள் முழுக் கோரிக்கையும் நிறைவேறியது என் வாழ்க்கையில் அந்த ஒன்றுதான்.

உள்ளே என்ன செய்தார்கள் என்று பிறகு மணியிடம் குடைந்து குடைந்து கேட்டேன். சரியான ஊசியை அவசர அவசரமாகப் போட்டிருப்பார்கள் என்று என் கணிப்பு. அவள் சொல்கிறாள், "ஒன்னும் செய்யலப்பா. மறைப்பை இழுத்துவிட்டாங்க. குழாயைத் திறந்துவிட்டாங்க. தலைமாட்டைக் கொஞ்சம் தூக்கிவச்சாங்க. எல்லாரும் வெளிய போயிருந்தாங்க. அவ்வளவுதான்." இதைத்தான் வெளியே சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். பாவம், அவளும் நம்பிவிட்டாள்.

உங்கள் மகளுக்கும் இப்படி வந்தால் தயங்காதீர்கள். என் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆட்களோடு வருகிறேன். ஏன் அவசரமாகத் தலையை ஆட்டுகிறீர்கள்? கூச்சப்படாதீர்கள், சிரமமே இல்லை.

இன்றைக்கா? இன்றைக்கு எங்கே போகிறேன் என்றா கேட்கிறீர்கள்? இன்றைக்குத்தான் லச்சிக்கு மறுபடி ஆபரேஷன். எலும்பு சேர்ந்துவிட்டது, தகட்டை எடுக்கிறார்கள். காலையிலேயே தியேட்டருக்குள் கொண்டுபோய்விட்டார்கள். இல்லை இல்லை, நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. கலெக்டர் ஆபீஸுக்குப் போகிறேன், கைதாவதற்கு.

பிள்ளையே கேட்டுவிட்டாள் தம்பி. போன வாரம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தாத்தா, எனக்குப் பிளேட் எடுக்கிற அன்னைக்கும் நீங்க கைதாகணும்," என்றாள்.  பேரப் பிள்ளைகள் தாத்தாவிடம் என்ன கேட்பார்கள்? போன் கேட்பார்கள், பொம்மை கேட்பார்கள். எந்த வீட்டுப் பிள்ளை தாத்தாவிடம் சிறைக்குப் போகச் சொல்லும்? மணியை நான் இழந்துவிட்டேன். என் வாரிசு அதற்கு அடுத்த தலைமுறையில் பிறந்திருக்கிறது. அதோடு விட்டாளா? கொஞ்சம் யோசித்துவிட்டு, "சாயங்காலம் வரைக்கும் விடமாட்டாங்கல்ல தாத்தா?" என்று கேட்டாள். என்னைச் சீக்கிரம் விட்டுவிட்டால் போராட்டம் பிசுபிசுத்துவிடுமே என்று அவளுக்குக் கவலை. அந்த வயதில் அந்த அரசியல் தெளிவு எனக்கே கிடையாது.

ஆனால் கைதாவது இப்போது லேசா? வேலைநிறுத்தம் எதுவும் கிடையாது. எங்கள் சங்கம் இரண்டாகி, அந்த இரண்டும் இரண்டாகி, இப்போது என் சங்கத்தில் இருப்பவர்கள் ஒரு பெஞ்சில் உட்காரலாம். இசக்கிமுத்துவுக்குக் கண் ஆபரேஷன். அந்தோணியம்மாளைக் கூப்பிட்டேன், "நான் பிள்ளை பக்கத்துல இருக்கேன் அண்ணே, நீங்க மட்டும் போங்க. கட்டாயம் போங்க," என்றாள். அதனால் சுடலைமணிக்கே நேற்று போன் போட்டேன்.

"ஐயா, வெயில் கொளுத்துது, பேசாம வீட்ல இருங்க," என்றார்.

"முடியாது. நாளைக்குக் கைது பண்ணியே ஆகணும்."

"என்ன பிரச்சினைக்கு?"

"பேத்திக்குப் பிளேட் எடுக்காங்க."

 "ஓ! அந்தப் பிள்ளையா? அப்படின்னா நீங்க வந்து வாசல்ல உக்காருங்க ஐயா. நானே வேனோட வாரேன். சாயங்காலம் வரைக்கும் வச்சிருக்கேன், சாப்பாடு என் பொறுப்பு," என்றார். காக்கிக்குள்ளேயும் மனுஷன் இருக்கிறான் தம்பி. நம் கோரிக்கையின் நியாயம் அவருக்குப் புரிந்திருக்கிறது.

இருங்கள், போன். மணிதான்.

"சொல்லும்மா. வெளிய கொண்டுவந்துட்டாங்களா? நல்லா இருக்காளா? முழிச்சிட்டாளா? என்ன கேக்கா? ... இல்லம்மா, இன்னும் கைதாகல, பஸ்ஸுலதான் இருக்கேன். அடுத்த ஸ்டாப்பு. அவகிட்ட சொல்லு, தாத்தா கண்டிப்பா கைதாகிடுவாருன்னு. வேன்ல ஏறினதும் நானே போன் பண்ணுதேன். அதுவரைக்கும் பிள்ளையைக் கொஞ்சம் அடக்கிக்கிடச் சொல்லு!"

நகருங்கள் தம்பி, நகருங்கள். இறங்க வேண்டும், அங்கே பிள்ளை காத்துக்கொண்டிருக்கிறாள்.